ரீட்டாவின் கேக் ஜாடி

சேசு மரி சூசை துணை

கடலூர், நவம்பர் 12

பேரன்புள்ள மச்சான் லூர்துசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை ரீட்டாவின் கணவன் தைரியராஜ் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். சிதம்பரத்தில் நீங்கள் நலமாயிருக்கவும், வீட்டில் ஒரு ஜாடி வைக்க இடமிருக்கவும் மாதாவை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பதிவாகும் என்பதால் கடிதம்.

ஹோட்டல்களுக்கான மது உரிம விதிகளை மாற்றிவிட்டார்களாம் மச்சான். பேப்பரில் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உரிமம் இல்லாத சாப்பாட்டுக் கடையில் ஒரு சொட்டு இருந்தாலும் சீல் வைப்பார்களாம். நம் மெஸ்ஸில் சொட்டா இருக்கிறது? கிறிஸ்துமஸ் கேக்குக்காக உங்கள் தங்கை அக்டோபரிலேயே நாலு கிலோ திராட்சையும் முந்திரியும் ரம்மில் ஊறப்போட்டு, ஜாடியை அடுப்படி அலமாரியில் வைத்திருந்தாள். பேப்பரை மடிக்கக்கூட இல்லை, புதிதாக ஒருவர் சாப்பிட வந்து, மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை என்று கேட்டார். வினிகர் என்றேன். அவர் நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். ஜாடியை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மூடி சரியில்லை, ரம் அரிசியில் கசிந்துவிட்டது. மத்தியானம் சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் வெறும் சோற்றையே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிப் போனார்கள். பதினெட்டு வருஷக் கடை மச்சான், பூட்டிவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஜாடியைக் கொட்டிவிடலாமா என்று ரீட்டாவைக் கேட்டேன்.

"ஜாடியால ஒண்ணும் ஆவாது. நீங்க மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு கல்லாவுல நின்னீங்கன்னா, வெறும் இட்லிக்கே சீல் வச்சிட்டுப் போவாங்க" என்றாள்.

ஆகையால் அவளுக்குத் தெரியாமல், ஊறுகாய் என்று சீட்டு ஒட்டி, ஜாடியைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடிதம் அடுத்த பஸ்ஸில் வருகிறது. வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைக்கவும்.

அக்காவுக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும், ஜாமீன் எடுக்கத் தெரிந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவருக்கு என் வணக்கமும்.

தைரியராஜ்

பின்குறிப்பு: இப்போதுதான் ரீட்டா அந்தப் பேப்பரைப் பார்த்தாள். விதி மாறியது புதுச்சேரியிலாம். கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்ச் செய்தியையும் ஒரே பக்கத்தில் போடுகிறார்கள், நான் ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. நோட்டுக்காரரும் வந்து, அதே நோட்டைப் பார்த்து ஐந்து கிலோ கேக்குக்கு ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான், அந்த ரம்மைப் புதுச்சேரியில் வாங்கி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டியது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. படித்ததும் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள். அதற்கு முன்னால் ஓடிப்போய் ஜாடியை வாங்குங்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று மூடிமேல் என் பெயரையும் கடை விலாசத்தையும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.