விளக்குக்குப் பதிலாக ஹாரன்

புதிதாகக் கல்யாணமான ஆண்பிள்ளைக்கு மனைவியின் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வருவதில்லை. விஷயம் கார் விளக்காக இருந்தாலும் சரி.

திருவிதாங்கூர்-கொச்சி காலம். மறுவீட்டு விருந்துக்கு, பெரியப்பாவின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி தங்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியது 'ம்', 'இல்லை' இரண்டும்தான். என்னைப் பிடிக்கவில்லையோ என்று உள்ளுக்குள் ஒரே கலக்கம். (கேட்கத் தைரியமில்லை. அதற்கும் 'ம்' என்று சொல்லிவிட்டால்?)

அழகியமண்டபம் தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டேன். வலதுபக்கம் எரிந்தது, இடதுபக்கம் எரியவில்லை. ஒற்றை விளக்கோடு மெல்லப் போயிருக்கலாம். ஆனால் மாமனார் வீட்டு வாசலில் ஒற்றைக்கண் வண்டியில் போய் இறங்க மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

முதலில் விளக்கைத் தட்டிப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி, இடதுபக்க பல்பை வலதுபக்கம் மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஆக, பல்பில் கோளாறு இல்லை. அது உட்காரும் ஹோல்டரில்தான் துரு. இதுவரை நான் செய்ததெல்லாம் சரி. (இத்துடன் என்னைக் கட்டிப் போட்டிருக்கவேண்டும்.)

துருவைச் சுரண்டத் தங்கத்திடம் கொண்டை ஊசி கேட்டேன். தலையிலிருந்து உருவித் தந்தாள். சுவிட்சை அணைக்காமலே ஊசியை உள்ளே விட்டேன். சடசடவென்று பொறி பறந்தது. ரப்பர் கருகும் நாற்றம். எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கும் அணைந்தது. உருகிய வயர் எங்கோ தகரத்தில் ஒட்டிக்கொண்டதுபோலும், ஹாரன் தானாகவே அலற ஆரம்பித்தது. பொத்தானைக் குத்தினேன், கெஞ்சினேன். நிற்கவில்லை.

சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை முட்டியது. தங்கம் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு என் விரலைப் பிடித்து ஊதிவிட்டு ஏதோ சொன்னாள். அலறலில் காதில் விழவில்லை. காதருகே வந்து மறுபடியும் சொன்னாள்.

"வயரப் பிச்சிராதீங்க. வெளிச்சந்தான் இல்ல, சத்தம் கேட்டாவது ஆளுவ ஒதுங்குவாவ."

கொஞ்சம் நிலா வெளிச்சம் இருந்தது. ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை ஓட்டினேன். அவள் வெளியே எட்டிப் பார்த்துப் பார்த்து, எங்கே வளைவு, எங்கே ஓடை என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தத்தில் வேறு எப்படியும் பேச முடியாது. வழி சொல்லி முடித்தும் காதைவிட்டு விலகவில்லை.

"எம் பேச்சு மலையாளம் மாதிரி இருக்கும், நாகர்கோயில்காரங்க சிரிப்பாவன்னு அம்மா சொன்னா. அதான் மிண்டாம இருந்தேன்."

பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். எனக்கு ஹாரனோடு சேர்ந்து கத்தவேண்டும் போலிருந்தது.

குலசேகரத்தில் தெருவே வெளியில் நின்றது. மாமனார் பெட்ரோமாக்ஸோடு ஓடி வந்தார். கொழுந்தியாள் ஆரத்தித் தட்டை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போய் இறங்கினால் மச்சினன் கேட்பான், "சத்தமே இல்லியே அத்தான், நடந்தா வந்திய?" பேரப்பிள்ளைகள்வரை சிரிப்பார்கள். தங்கம் மட்டும் என் காதருகே வந்து ஏதாவது சொல்வாள். அது என்னவென்று எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.