மஞ்சள் விளக்குகளும் சனிக்கிழமை ஆடும்

நாரின்,
வியாழக்கிழமை

அண்ணன் மேதெருக்கு, தங்கை ஜிபார் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "இல்லக்கா, இது எங்க பழைய வண்டிதான்." இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதுவது முறையில்லை என்று தெரியும். ஆனால் முறைப்படி தொடங்கினால் முறைப்படியே முடித்துவிடுவேன், நடுவில் இதைச் சொல்லும் துணிவு வராது. இனி முறை: இங்கே அப்பா நலம், அம்மா நலம், நாய் ஆக்தோஷ் வழக்கத்தைவிட நலம். ஆட்டைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ கத்துவாய். நீ கத்தினால் நான் வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டதால் வந்ததுதான் இவ்வளவும். பக்கத்து வீட்டு சாகின் அக்காவின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை நீ வேலை பார்க்கும் யெகாதெரின்பர்குக்கே கிளம்புகிறான். உனக்கு அம்மா தரும் தயிர் உருண்டைப் பையோடு இந்தக் கடிதமும் வரும். அது உன் கைக்குக் கிடைக்கும்போது சனிக்கிழமை கடந்துபோயிருக்கும். அதையும் யோசித்துத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

நீ போன வாரம் கேட்டது நியாயமான உதவி. சனிக்கிழமை குல்சைராவின் வீட்டார் கோச்கோரிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், அவளுடைய அப்பா அம்மா பரவாயில்லை, ஆனால் தாய்மாமன் எசென் இருக்கிறாரே, வாழ்நாளெல்லாம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர், அவர் தலையசைத்தால்தான் உன் கல்யாணம் என்றாய். "அவரு வீட்டுக்குள்ள வர மாட்டாரு, முதல்ல வண்டிகிட்டதான் போவாரு, முன்விளக்கு மங்கலா இருந்தா வீட்டுக்காரன் சோம்பேறின்னு முடிவு கட்டிடுவாரு, நீ எப்படியாவது அதைத் தேய்ச்சு வை" என்றாய். நம் பழைய காருக்குத் தெருவில் மஞ்சக்காமாலை என்று பெயர் என்பது உனக்குத் தெரியும். நம் மலை வெயில் அதன் இரண்டு கண்களையும் அப்படி ஆக்கியிருக்கிறது; இரவில் போட்டால் எதிரே வருகிறவர்கள் யாரோ மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறார்கள் என்று நினைக்கிறார்கள். செய்கிறேன் என்றேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

நீ அனுப்பிய காணொளியில் ஒருவன் விளக்கின் மேல் பற்பசையைத் தடவுகிறான், துடைக்கிறான், சிரிக்கிறான். அவன் சிரித்தபிறகு என்ன ஆயிற்று என்று காட்டவில்லை. எனக்கு ஆனதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பற்பசையில் பாதியைத் தடவித் தேய்த்தேன், பளிச்சென்று வந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் காய்ந்து பழைய மஞ்சளுக்கே போய்விட்டது, ஒரே மாற்றம், இப்போது மஞ்சளில் புதினா வாசனை. அப்பா மறுநாள் காலையில் பற்பசைக் குழாயை முறுக்கிக்கொண்டே, "என் பல்லுக்கு இல்லாத யோகம் அந்த வண்டிக்கு" என்றார். பிறகு சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினேன். நுரை வந்தது. நுரை போயிற்று. மஞ்சள் இருந்தது. கடைசியில் பஜாரில் வண்டிச் சாமான் விற்பவரிடம் கேட்டேன், அவர், "உப்புத்தாள் மூணு ரகம் வாங்கிக்கம்மா, முதல்ல முரடு, அப்புறம் நடுத்தரம், கடைசில பட்டு மாதிரி இருக்கறது, தண்ணி விட்டுட்டே தேய்க்கணும், முடிஞ்சதும் வார்னிஷ் அடிக்கணும்" என்றார். வார்னிஷ் எங்கே என்றால், அது தீர்ந்துபோச்சு, பிஷ்கெக்கிலிருந்து அடுத்த வாரம் வரும் என்கிறார். இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினோம். வண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்று முன்பக்கம் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டினேன், எஞ்சின் மூடியின் மேல், பக்கங்களில், நம்பர் பலகையின் மேல்கூட. விளக்குகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஒரு விளக்கை நான் மூன்று தாளாலும் வரிசையாகத் தேய்த்தேன். அடுத்ததை அப்பா முரட்டுத் தாளாலேயே ஆரம்பித்து முரட்டுத் தாளாலேயே முடித்தார், கேட்டால் "இதுலதான் சத்தம் நல்லா வருது" என்று சொல்லிவிட்டு பஜாருக்குப் போய்விட்டார். தேய்த்த விளக்கின் குணம் என்னவென்றால், தண்ணீர் ஓடும்வரை அது பளிங்கு. காய்ந்தால் பால். இது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களும் அப்படி மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு காரியத்தை முழுதாகச் செய்துவிட்டேன் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கதவிடுக்கில் சாகின் அக்காவின் முகம் வந்தது. "அடியே ஜிபார்! புது வண்டியா? பேப்பர்கூடப் பிரிக்கலையே! கண்ணு ரெண்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது! நல்லபடியா ஓடட்டும்டி!"

நான் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்தேன். நல்ல பதில் ஒன்று தயாரானது. அதற்குள் அவர் போய்விட்டார். அண்ணா, நான் படித்த புத்தகங்களில் பேசாமல் இருப்பவர்கள் எல்லோரும் ஞானிகள். யாருடைய மௌனத்துக்காகவும் ஆடு செத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

மாலையில் வந்தார்கள். முதலில் சாகின் அக்கா, பின்னால் தெருவில் பாதிப் பேர், புதிதாக ஒன்றைப் பார்க்க வந்தால் வெறுங்கையோடு வரக்கூடாதே, ஒருத்தி தலைக்குட்டை, ஒருத்தி தேயிலைப் பொட்டலம், ஒருத்தி மிட்டாய்ப் பை. விளக்குகள் அப்போது காய்ந்து வெளுத்திருந்தன. வேறென்ன செய்ய, ஓடிப்போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தேன், மின்னின, காய்ந்தன, மறுபடி தெளித்தேன். "எதுக்குத் தெளிக்கிறா?" என்று யாரோ கேட்க, "ஏதாவது சாங்கியமா இருக்கும், அவ படிச்சவ" என்று இன்னொருத்தி சொல்ல, வருகிறவர்கள் எல்லோரும் குவளையை வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் பயபக்தியோடு தெளித்தார்கள். அப்பா அப்போதுதான் உள்ளே நுழைந்தார். கூட்டத்தைப் பார்த்தார், செய்தித்தாளைப் பார்த்தார், தலைக்குட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார்.

சமையலறையில் அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு சனிக்கிழமைக்குங்க. சம்பந்தி வீட்டுக்கு. வேற ஆடு ஏது நமக்கு?"

"வாழ்த்திட்டு நிக்கிறாங்க. வெறும் டீயக் குடுத்து அனுப்பவா?"

"அது நம்ம பழைய வண்டின்னு சொல்லிடுங்களேன்!"

"நீ போய்ச் சொல்லு."

அம்மா கதவுவரை போனாள். திரும்பி வந்து பெரிய பானையை எடுத்தாள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்காகக் குளிர்காலம் முழுக்க ரொட்டி ஊட்டி வளர்த்த ஆட்டைத் தெருவே கூடித் தின்றது. நல்ல ருசி என்று எல்லோரும் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஓமுர் தாத்தா எழுந்து, "புது வண்டிக்கு வழக்கப்படி கொழுப்பு காட்டாம எப்படி?" என்று வால்கொழுப்பை உள்ளங்கை நிறைய எடுத்து, சக்கரத்தில் தடவினால் போதாதென்று இரண்டு விளக்குகளிலும் வழித்துத் தடவினார். அண்ணா, அந்தக் கொழுப்பு பட்டதும் விளக்குகள் தெளிந்தன. காய்ந்தும் வெளுக்கவில்லை. அப்பா செய்த முரட்டு விளக்குகூடத் தெளிந்தது. பற்பசையும் சோடாவும் மூன்று தாளும் செய்யாததை உன் ஆடு செத்தபிறகு செய்தது. சரி, ஆடு போனாலும் விளக்காவது மிஞ்சியதே என்று தூங்கப் போனேன்.

விடிந்து பார்த்தால் ஆக்தோஷ் ஒரு விளக்கை முழுதாக நக்கி முடித்து அடுத்ததைத் தொடங்கியிருந்தது. அது விட்டுவைத்த கொழுப்பு காலைக்குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் பால், ஒரு கண் மெழுகு. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன், இரண்டும் பாலாயின. நான் தொடுவதற்கு முன்னால் அவை மஞ்சளாகவாவது இருந்தன, இரவில் சாலை கொஞ்சமாவது தெரியும். இப்போது அதுவும் இல்லை. நாளை மறுநாள் எசென் மாமா நேராக வண்டியிடம் போவார். பிறகு உள்ளே வருவார். பெரிய விருந்தாளிக்கான மரியாதையாக அவர் முன்னால் வைக்க ஆட்டுத்தலை இல்லை, உருளைக்கிழங்கு இருக்கிறது. உனக்கும் குல்சைராவுக்கும் கல்யாணம் நடக்காமல் போனால் காரணம் நீ இல்லை, அவளும் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்.

குல்சைராவிடம் இதையெல்லாம் சொல்லாதே. அல்லது சொல்லு. அவளுக்குச் சிரிப்பு வந்தால் அவள் நல்ல பெண்.

உன் கால்கள் உலர்ந்திருக்கட்டும், முதலாளி சொன்ன நாளில் கூலி தரட்டும். "உன் பாதை வெள்ளையா இருக்கட்டும்" என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், ஆனால் வெள்ளை என்றாலே இப்போது எனக்கு விளக்குகள்தான் ஞாபகம் வருகின்றன. அப்பா எதுவும் எழுதச் சொல்லவில்லை.

உன் தங்கை,
ஜிபார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை சாகின் அக்கா கதவைத் திறந்துகொண்டு தன் கொழுத்த ஆட்டை ஓட்டி வந்தார்.

"புடிடி கயித்த. நாளைக்குச் சம்பந்திங்க வர்றாங்கல்ல?"

நான் வழக்கம்போல நின்றேன். அவர் தொடர்ந்தார். "இத்தன வருஷமா அந்த மஞ்சக்காமாலை என் கோழிக்கூண்டு மேல வெளிச்சம் அடிக்குது, எனக்கு அடையாளம் தெரியாதா? கிண்டலுக்குத்தான்டி கேட்டேன். நீ 'போங்கக்கா'ம்ப, சிரிக்கலாம்னு நின்னேன். நீ தூண் மாதிரி நின்ன. சரி, இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வந்து கிண்டல் பண்ணலாம்னு பார்த்தா, உங்கப்பா தொப்பியச் சரி பண்ணிட்டு உள்ள வாங்கன்னுட்டாரு. அவ்வளவு பெருமையா நிக்கிற மனுஷன்கிட்ட யாரு போய்ச் சொல்றது, ஐயா இது உங்க பழைய வண்டின்னு? உன் அண்ணன் வாங்கித் தரேன்னு சொல்லியிருப்பான், முடியாமப் போயிருக்கும், பாவம் மறைக்கிறாருன்னு நாங்களும் பேசாம தின்னுட்டோம். தொண்டையில இறங்கல, ஆனா தின்னுட்டோம்."

ஆட்டைக் கட்டினேன். யார் கொண்டுவந்தது என்று அப்பா கேட்டார், சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியும்போது மழை பிடித்தது, நாள் முழுக்க விடவில்லை. எசென் மாமா கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் ஓடி வந்தார். ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தோம். ஆகஸ்டில் கல்யாணம் என்று முடிவாயிற்று. போகும்போதும் கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே ஓடினார். வெளியே வண்டி நனைந்துகொண்டு நின்றது, விளக்குகள் இரண்டும் காலையிலிருந்து மாலைவரை பளிங்குபோல இருந்தன. யாரும் பார்க்கவில்லை.