கடுகும் முப்பதாயிரம் மூட்டைகளும்

மனைவி சரசா தன் ஆபீஸைப் பார்க்க வந்துவிடக் கூடாதே என்று லக்ஷ்மிநாராயணன் வேண்டாத தெய்வமில்லை. புனேவில் அவர் வேலை பார்க்கும் பழைய ஆவணக் காப்பகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டப் போகிறார்களாம். நூறு வருஷத்துக் கட்டடம். உள்ளே துணியில் கட்டிய முப்பதாயிரம் மூட்டைகள். சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தால் அந்த மூட்டையை எடுத்து வந்து தருவதுதான் அவர் உத்தியோகம். அதில் அவர் புலி.

வீட்டில் மட்டும் பதினான்கு வருஷமாகக் கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதாவது, தெரியாத மாதிரி. "கண் முன்னாடி இருந்தாலும் தெரியாத ஜென்மம்!" என்று சரசா தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வாள். இவர் பேப்பரோடு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

"அங்கே ஒரே தூசி, சரசா. ஆஸ்துமா வந்துடும்."

"ஏன்னா, எனக்கு ஏது ஆஸ்துமா?"

"இனிமே வரும். வௌவால் வேற தொங்கறது."

"ஹடப்சர் பஸ்ல தொங்கறவாளை விடவா? நான் பேர் குடுத்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருபது பேர் நடுவில் பட்டுப்புடவையில் சரசா. லக்ஷ்மிநாராயணன் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்குத் தேடுவது, தேடிக்கொண்டே இருப்பது. மானம் போனால் போகட்டும், நாற்காலி தங்கும்.

சுற்றிக் காட்டிய வைஷாலி மேடம் சரசாவிடம் சீட்டை நீட்டி, எந்த நம்பர் வேண்டுமானாலும் எழுதச் சொன்னார்.

"வேண்டாம் மேடம், பாவம்," என்றாள் சரசா, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில். "வீட்டில் கடுகையே தேடத் தெரியாத மனுஷர். இவருக்கு மூட்டை எங்கே கிடைக்கப் போகிறது?"

இருபது பேரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற பியூனும் சிரித்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எழுது நம்பரை!"

ஏணியில் ஏறினார், இறங்கினார். மூன்றே நிமிடம். மூட்டை மேஜைமேல்! ஒரே கைதட்டல். சரசா மட்டும் தட்டவில்லை. சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த விதிகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் விரித்த பேப்பருக்குள்ளிருந்து ஒரு சீட்டு விழுந்தது. 'கடுகு. மூன்றாம் தட்டு. மூன்று நிமிடம்.'

சமையலறை வரை போய், "காணலையே, சரசா," என்றார், பழைய குரலில், ஒரு நப்பாசையோடு.

"அதனாலென்ன? கிடைக்கலைன்னா ஏன் கிடைக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாமே, உங்க ஆபீஸ்ல? பேனா பக்கத்துலயே வச்சிருக்கேன்."

கடுகு உடனே கிடைத்துவிட்டது. டப்பாவோடு வந்து பார்த்தால் நாற்காலியில் சரசா.

"தாளிச்சுட்டுக் கூப்பிடுங்கோ," என்றாள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.