சரண்யாதேவி டிவியின் தாய்மாமன்கள்

இயேசு மரி சூசை துணை

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின்

திண்டுக்கல்லில் பூட்டுக் கடையும் குடும்பமுமாகச் சுகமே வாழும் என் அன்பு மாப்பிள்ளை ஜெய்சனுக்கு, மதுரையிலிருந்து உன் அத்தான் தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா தெரசாவும் உன் மருமகள் ரூத்தும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கமாயிற்றே என்று எழுதினேன். உண்மையில் எனக்கு ரத்தக் கொதிப்பு, என்னால் உன் அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு, ரூத் எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. போனில் சொன்னால் பக்கத்து அறையில் இருக்கும் அவள் காதில் விழும் என்பதால்தான் இந்தக் காலத்திலும் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுசாகப் படித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த என்னை என் பழைய மாணவன் உக்கிரபாண்டி தேடி வந்தான். ஊரெல்லாம் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவன். தண்ணீரே இல்லாத இடத்திலும் துளை போட்டுக் கொடுத்த தைரியத்தில் டிவி சேனல் தொடங்கிவிட்டான். மகள் பெயரையே வைத்து 'சரண்யாதேவி டிவி'. பெயர் நீளமாகப் போனதால் மேல் மூலையில் போட்ட சின்னம் கால்வாசித் திரையை அடைத்துக்கொண்டது. எங்கள் சேனலில் உயரமான ஆள் யார் வந்தாலும் தலை இருக்காது. எந்த நிகழ்ச்சி எப்போது ஓடவேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்புக்கு என்னைக் கூப்பிட்டான். எனக்கு டிவியைப் பற்றி என்னப்பா தெரியும் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல அம்புட்டு வாத்தியாருக்கும் டைம் டேபிள் போட்டுச் சண்டை வராம ஓட்டுன ஆளு சார் நீங்க. இது ஒத்த டிவி. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றான். புகழ்ந்தால் இந்த வாத்தியார் விழுந்துவிடுவார் என்பது அவன் ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டுபிடித்த விஷயம். நான் விழுந்தது போதாதென்று, சென்னையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ரூத்தையும் "நம்ம ஊர் சேனல், வாம்மா, தினமும் ஏழரை மணிச் செய்தி உனக்குத்தான்" என்று சொல்லி இழுத்து வந்தேன். அவளும் அப்பா பேச்சை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

அட்டவணையை அழகாகத்தான் போட்டேன். காலையில் பக்தி, அப்புறம் பாட்டு, மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாட்டு இடைவேளை. திரையில் ஒரு ரோஜாச் செடியின் படத்தைப் போட்டுவிட்டு நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தோம். அந்த நேரத்தில்தான் ஊரே சாப்பிட்டுக்கொண்டு டிவி பார்க்குமாம். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லையே. ஆனால் ஒன்று, அந்த மாதம் எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அந்த ரோஜாச் செடியைத்தான். அடுத்து வடக்கேயிருந்து மலிவாக வாங்கி, தமிழில் பேசவைத்த தொடர் ஒன்று. பாகங்கள் வரிசை மாறி வந்திருக்கின்றன. செவ்வாய்க்கிழமை செத்துப்போன மாமியார் புதன்கிழமை மருமகளை அடித்தாள். ஒருத்தராவது புகார் செய்ய வேண்டுமே? கதை நல்லா விறுவிறுப்பாப் போகுது என்று போன் மேல் போன் வந்தது. மாலையில் ஒச்சம்மாள் என்கிற அம்மாவின் சமையல். ஆட்டுக்கறிக் குழம்பை அரைமணிக்குள் இறக்கவேண்டும், அடுத்து செய்தி இருக்கிறது என்று கெஞ்சினேன். "கறி வேகாம இறக்குனா என் பேரு என்னாகுறது? நியூஸ் என்ன ஆறிப்போற சாமானா? செத்த நேரம் இருக்கட்டும் சார்" என்றது அந்தம்மா. கறி வெந்தது. செய்தி அன்றைக்கு எட்டரைக்கு ஆரம்பித்தது. வாசித்து முடித்துவிட்டு ரூத்தும் அந்தக் குழம்பில் கொஞ்சம் சாப்பிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாப்பிள்ளை. என்னைச் சாய்த்தது தாய்மாமன்கள். சேனலுக்கு விளம்பரம் தருகிற பெரிய ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தர் உக்கிரபாண்டியின் தாய்மாமன் ஜெயபாண்டி, மாட்டுத்தாவணிப் பக்கம் ஜவுளிக்கடை. இன்னொருத்தர் உக்கிரபாண்டியின் மனைவி கனகாவுடைய அண்ணன் அசோக்குமார், மெத்தைக் கடை. இடைவேளையில் யார் விளம்பரம் முதலில் வருவது என்பதுதான் வழக்கு. "என் அக்கா மகன் பெத்தெடுத்த சேனல் இது. அவனுக்குக் காது குத்தையில மொதச் சீரு சபைக்குக் கொண்டாந்தவன் நானு. இங்கயும் மொதல்ல என் கடைதேன் வரணும்" என்றார் ஜெயபாண்டி. "சேனல் பேரு என்னண்ணே? சரண்யாதேவி. சரண்யாதேவிக்குத் தாய்மாமன் யாரு? நானு. அப்புறம் என்ன பேச்சு?" என்றார் அசோக்குமார். இரண்டு பேர் சொல்வதும் முறைப்படி சரி. விளம்பரத்துக்கு நேரம் வாங்கினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் சேனலுக்குச் சீர் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, திரையை இரண்டாக வெட்டி இருவரையும் ஒரே நேரத்தில் போடுவோம் என்று யோசனை சொன்னேன். வலப்பக்கம் யாருக்கு என்று மறுபடி சண்டை. அப்புறம் ஓர் இடைவேளைக்கு ஒரே விளம்பரம், அப்படியானால் எல்லாமே முதல் விளம்பரம்தானே என்று கணக்கு வாத்தியார் மூளையால் ஒரு வழி கண்டேன். ஆளாளுக்குச் சமமாக வரவேண்டும் என்று இடைவேளைகளைக் கூட்டிக்கொண்டே போனதில், தொடரின் கதாநாயகி திங்கட்கிழமை வாயருகே கொண்டுபோன காப்பியை வெள்ளிக்கிழமைதான் குடித்தாள். நடுவில் ஊரார் ஏகப்பட்ட சேலையும் மெத்தையும் பார்த்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை நடந்ததைத்தான் உனக்கு எழுத வந்தேன். திருவாதவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கண்மாயில் மடை உடைந்து, இருக்கிற தண்ணீரும் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது. கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் காயப்போகிறது. ரூத் வெயிலில் அலைந்து அதைப் படம்பிடித்து வந்தாள். இன்றைக்கு ஏழரைக்கு டிவியில் வரும், அதிகாரிகள் கண்ணில் படும் என்று அந்த ஜனங்களிடம் சொல்லியும் வந்தாள். ஏழரைக்கு அவள் பவுடர் போட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் இரண்டு தாய்மாமன்களும் ஆள் அம்போடு உள்ளே வந்து ஒளிபரப்புப் பொத்தான்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "என் கடை மொதல்ல ஓடாம இங்க ஒரு செய்தியும் ஓடாது" என்று ஜெயபாண்டி சொல்ல, "அதையும் பாத்துருவோம்" என்று அசோக்குமார் சொல்ல, உக்கிரபாண்டி என்னிடம், "சார், டைம் டேபிள்ல எதையாச்சும் மாத்திச் சமாளிங்க சார்" என்று கும்பிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோஜாச் செடியைப் போட்டேன்.

செய்தி நேரம் முழுக்க ரோஜாச் செடி. ரூத் வெளியே வந்தாள். "அப்பா, அங்க கண்மாய்க்கரை இருளாயி அக்கா வீட்டு டிவியத் தூக்கி வாசல்ல வச்சு ஊரையே உக்கார வச்சிருக்காங்க. அவங்களுக்கு ரோஜாச் செடியவா காட்டுனீங்க?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை, பெற்ற மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "திங்கக்கெழமைக்குள்ள வரலைன்னா நான் சென்னைக்கே போறேன்" என்றாள். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், சென்னையில் டிவியில் இருக்கும் உன் சினேகிதரிடம் பேசி ரூத்துக்கு அவளுடைய பழைய வேலையை வாங்கிக் கொடு. இங்கே இந்தக் காட்டுமிராண்டிகளிடம் அவள் படிப்பு வீணாகிறது. யார் முதல், யார் ரெண்டாவது என்று இந்தக் காலத்திலும் மல்லுக்கு நிற்கிறார்கள். இந்தத் தாய்மாமன் முறையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பேன். உன்னைச் சொல்லவில்லை, நீ நாகரிகம் தெரிந்தவன். எனக்கும் உன் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு வை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று பார்த்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டிவிடுகிறேன். பூட்டுக்குத் தாய்மாமன் கிடையாது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரிக்கு உன் அக்காவின் அன்பு. மாதா உங்கள் குடும்பத்தைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது, மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடு. நேற்று இரண்டு தாய்மாமன்களும் கோபித்துக்கொண்டு விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்கள். விளம்பரம் இல்லாததால் இடைவேளை இல்லை, இடைவேளை இல்லாததால் சண்டை இல்லை, செய்தி சரியாக ஏழரைக்கு ஓடிவிட்டது. இன்று காலையில் மணல் மூட்டையோடு ஆட்கள் வந்து மடையை அடைத்துவிட்டார்களாம். "பாப்பா, தண்ணி நின்னுருச்சு" என்று இருளாயி போனில் சொன்னதை ரூத் ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்குக் கேட்க வைத்தாள். அப்புறம் "காப்பி குடிச்சீங்களாப்பா?" என்றாள். நான் குடித்திருந்தேன், இல்லை என்று சொல்லி இன்னொரு தடவை குடித்தேன்.

செய்தி தினமும் ஏழரைக்கு இருக்கட்டும் என்று உக்கிரபாண்டியும் சொல்லிவிட்டான். ஆனால், "விளம்பரம் இல்லாம ஓட்ட நான் என்ன சத்திரமா சார் நடத்துறேன்?" என்று கேட்டு, மாமன்கள் இருவரையும் சமாதானம் பேச அழைத்திருந்தான். பேச்சு மறுபடி யார் முதல் என்பதில் வந்து நின்றது. அப்போது நான்தான் எழுந்தேன். "செய்தி வாசிக்கிறது யாரு? என் மக ரூத். அவளுக்குத் தாய்மாமன் யாரு? திண்டுக்கல் ஜெய்சன். செய்திக்கு மொத விளம்பரம் அவருதுதான்" என்றேன். "முறைன்னா முறைதேன். அவரு முன்னால வரட்டும், நாங்க பின்னால வாரோம்" என்றார் ஜெயபாண்டி. அசோக்குமாரும் தலையாட்டினார்.

எனவே வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பூட்டு விளம்பரத்தோடு கிளம்பி வா. மாட்டுத்தாவணியில் இறங்கி அங்கேயே நில், மேளத்துக்குச் சொல்லியிருக்கிறேன். சீர்த் தட்டு ஒற்றைப்படையில் இருக்கட்டும். அதற்குள் உங்கள் ஊரிலிருந்தே இன்னொரு பூட்டுக் கடைக்காரர் முதல் இடம் கேட்டு வந்தார், நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையில் வாக்குக் கொடுத்துவிட்டேன் மாப்பிள்ளை. என் மகள் வாய் திறப்பதற்கு முன்னால் தாய்மாமன் பூட்டு வராமல், வேறு எவன் பூட்டோ வந்து தொங்கினால் நான் ஊரில் எப்படித் தலை காட்டுவது?