ராயபுரத்தில் ஒரு சிம்லா வேலி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கடற்கரையில் திடீரென்று ஒருநாள் பனி கொட்டியிருந்தால், அதற்குத் தயாராக இருந்த ஆசாமி ஒரே ஒருவர்தான். நாமெல்லாம் விறைத்துப் போயிருப்போம். அவர் மட்டும் மப்ளரை இறுக்கிக்கொண்டு, தான் போட்ட வேலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து டீ கேட்டிருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கெல்லாம் அவர் சிம்லா மேஸ்திரி. யுத்த காலத்தில் மிலிடரி காண்டிராக்டர் ஒருவர் இவரைத் தச்சு வேலைக்குச் சிம்லாவுக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளைக்காரர்களின் பங்களாக்களுக்கு மரவேலி போடக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் மூட்டை கட்டினான். சிம்லா மட்டும் இவர் தலையை விட்டு இறங்கவே இல்லை.

சிம்லாவில் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பி, நட்ட கம்பத்தை வெளியே துப்பிவிடுமாம். ஆகவே இடுப்பளவு குழி வேண்டும். கம்பத்தின் அடியை நெருப்பில் கருக்கித் தார் பூச வேண்டும். பனி தங்காமல் வழுக்கி விழக் கம்பத்தின் தலையைச் சரிவாகச் சீவ வேண்டும். குவிகிற பனியில் பலகை ஊறாமல் இருக்கத் தரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். எல்லாம் நியாயம்தான், சிம்லாவில்!

ராயபுரத்தில் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். மனுஷன் அசரமாட்டார். குழிக்குள் நின்றுகொண்டு வாளியால் இறைப்பார். போகிற வருகிற பெண்கள் கிணறு வெட்டுகிறார் என்று நினைத்துக் குடத்தோடு வந்து நிற்பார்கள். இங்கே எங்கே ஐயா பனி என்று யாராவது கேட்டால், சிம்லாவிலும் பனி விழுந்ததற்கு முதல்நாள் சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் இருந்தது என்பார்.

திருவொற்றியூரில் ஒரு ரிடையர்டு ரயில்வே கார்டு இவரை வைத்து வேலி போட்டார். வேலி தன் மனைக்குள் ஒரு முழம் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் தகராறுக்கு வந்தார். கார்டும் நியாயஸ்தர், பிடுங்கி நட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். பிடுங்க வேண்டுமே! ஹார்பர் கூலியாட்கள் கப்பல் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கயிறுதான் அறுந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர், கார்டு என் தம்பி மாதிரி, அந்த ஒரு முழம் அவருக்கே இருக்கட்டும் என்று கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்படி ஜெயக்கொடி நாட்டி வந்தவர் மாட்டிக்கொண்டது கருவாட்டுக்காரக் கன்னியம்மாக்காவிடம்.

ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்த நான் குடியிருந்த மாடி அறைக்கு நேர் எதிரே அக்காவின் வீடு. புருஷன் காலமாகி வெகு வருஷம் ஆகியிருந்தது. வீட்டு முன்னால் மணலில் பாய் விரித்து நெத்திலியும் வஞ்சிரமும் காயப்போட்டு விற்றுத்தான் ஜீவனம். அக்கா வாயைத் திறந்தால் மீன் ஏலம் போடுகிறவன்கூட வாயை மூடிக்கொள்வான். தெருநாய்த் தொல்லை தாங்காமல்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

வேலி எழும்பியது. நாய்கள் வெளியே உட்கார்ந்து ஏங்கின. ஆனால் அந்த ஒரு சாண் இடைவெளி இருக்கிறதே, அதைக் கடவுள் பூனைகளுக்காகவே அளந்து கொடுத்த மாதிரி இருந்தது. ராயபுரத்துப் பூனைகள் அத்தனையும் கல்யாணப் பந்திக்கு வருகிற மாதிரி வந்து, தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போயின.

இதற்கிடையில் வேலையை முடித்த மேஸ்திரியோ தினம் தினம் வந்துகொண்டிருந்தார். ஆணி இறுகியிருக்கிறதா, தார் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே வாசலைப் பார்ப்பார். அக்காவும் திட்டிக்கொண்டே சுறாப்புட்டு வைத்துக் கொடுப்பாள். தெருவுக்கே விஷயம் தெரியும், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

ஒருநாள் வாடிக்கை வியாபாரிக்கென்று எடுத்து வைத்த வஞ்சிரத்தைப் பூனைகள் சூறையாடிவிட்டன. இனிமேல் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் போய்விட்டான். அக்கா மேஸ்திரியை வேலியருகிலேயே நிறுத்தினாள்.

"அந்த ஓட்டையை அடைச்சுக் குடுய்யா."

"அடைச்சா ஐஸு தண்ணில பலகை ஊறிப் பூடும், கன்னிம்மா. தொழிலுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

"ஐஸு வர்றப்போ வரட்டும். பூனை டெய்லி வந்துகினு கீதே, அதுக்கு இன்னா சொல்றே?"

மேஸ்திரிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆணி இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத் திரும்பிவிட்டார். அடைக்கிறதாக இருந்தால் வா, இல்லாவிட்டால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் வரவில்லை. அக்கா கம்பும் கையுமாகப் பூனை விரட்டினாள். ஆனால் தெருமுனையில் யாராவது தலைகாட்டினால் பூனையை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அந்த வாய் அப்படி அடங்கிக் கிடந்தது எனக்கே சகிக்கவில்லை.

ஒருநாள் காலையில் மாடி ஜன்னலோரம் சவரம் செய்துகொண்டிருந்தேன். மேஸ்திரி தோளில் பலகைகளோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மணலில் மண்டிபோட்டு, வேலியின் அடியில் பலகையை வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள்கூடக் கிண்டல் பண்ணவில்லை. அந்த மனுஷன் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் முடித்து, வாசலுக்கு வந்தபோது அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஐஸு வுழுந்தா இன்னாய்யா பண்ணுவே?"

அவர் ஆணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வுழட்டும். டெய்லி காலைல வந்து நான் வாரிக் கொட்டறேன்."

நான் முகத்தில் சோப்பு காய நின்றுகொண்டிருந்தேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு எங்கிருந்தோ வந்துகினு? இங்கியே இரு."

அந்த ஆவணியில் திருவொற்றியூர் கோயிலில் கல்யாணம். கார்டும் வந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார்.

அப்புறம் நான் வேறு வேலை கிடைத்து எந்தெந்த ஊரிலோ குடியிருந்துவிட்டேன். ஆனால் மார்கழி விடியலில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும்போது இன்னமும் ஓர் அசட்டு ஆசை வரும். ராயபுரத்தில் அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும், அந்த மனுஷன் வாரிக் கொட்டுவதற்காக, ஒரு முறம் பனி விழக்கூடாதா?