அத்தானின் ஆழ்மனசு

அரைகுறை வைத்தியனிடம் சிக்கினால் ஒரு உடம்புக்குத்தான் ஆபத்து. அரைகுறையாக மனோதத்துவம் படித்தவன் வீட்டில் இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

எண்பதுகளின் பிற்பகுதி. மதுரையில் எம்.ஏ. மனோதத்துவம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யார் தும்மினாலும், அந்தத் தும்மலுக்குப் பின்னால் ஒரு துயரமான குழந்தைப் பருவம் இருப்பது என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மனத்தைப் பற்றி அறிஞர்கள் பல கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எல்லாமே ஆழ்மனத்தின் வேலை என்பது ஒரு கட்சி. ஆழ்மனமாவது மண்ணாவது, பரிசு கொடுத்தால் மனிதன் சொன்னதைச் செய்வான் என்பது இன்னொரு கட்சி. பக்கத்தில் இருந்து காது கொடுத்துக் கேள், அவனே தேறிவிடுவான் என்கிற கட்சியும் உண்டு. எனக்கு யாரோடும் பகை இல்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. அந்த வருடம் அக்காவுக்குத் தலைதீபாவளி வந்தது. (எனக்கு நல்ல நேரம். அத்தானுக்குத்தான் சரியில்லை.)

அத்தானுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அதிகம் பேசாத மனிதர். மாப்பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துத் தைக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்திருந்தார். பஜார் டெய்லர், "அளவு பேன்ட் ஒண்ணு கொண்டாங்க தம்பி" என்றார். ஆளைப் பார்த்தே எடைபோடத் தெரியாவிட்டால் நான் என்னத்தைப் படிக்கிறேன்? கல்யாண மேடையில் பார்த்த அத்தானை மனக்கண்ணில் நிறுத்தி, இடுப்பளவை அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது பேன்ட் சட்டையில் அத்தான் வந்தார். அவரும் அக்காவும் அப்பா, அம்மா காலில் விழுந்தார்கள். அதே நேரம் தெருவில் எவனோ சரவெடியைக் கொளுத்தினான். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது வெடிக்கு என்ன பஞ்சம்? சத்தம் அடங்கி, எழுந்து நின்ற அத்தானின் முகம் வேறு முகமாக இருந்தது. யாரிடமும் பேசாமல் பின்பக்கமாகவே நடந்து போய், ஜன்னலோரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

இலை போட்டோம், உட்காரவில்லை. நாற்காலி போட்டோம், "இருக்கட்டும்" என்றார். செத்த நேரம் கழித்து அக்காவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அக்கா அடுக்களைக்கு ஓடி வந்தாள்.

"அவிய கெளம்புதாகம்மா. பையைக் கேக்காக."

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் பை தூக்கினால், பொழுது சாய்வதற்குள் சேத்தூர் முதல் மம்சாபுரம் வரை அதுதான் பேச்சு. அடுக்களையில் கூட்டம் கூடியது. கல்யாணத்துக்கு ஸ்கூட்டர் வாங்கித் தராத கோபம் என்றார் அப்பா. இலையில் வைத்த இட்லி சரியில்லையோ என்று அம்மா கையைப் பிசைந்தாள். "கண்ணு பட்டுட்டு. மொளகாயைச் சுத்திப் போடு" என்றாள் பெரியம்மா. ஆக, அங்கேயும் பல கட்சிகள். அக்கா மட்டும், "என்னையப் புடிக்கலையோ என்னமோ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பையைக் குடுக்காதீங்க! குடுத்தா, போகணும்ங்கிற எண்ணத்துக்கு நாமளே பலம் சேர்த்தாப்ல ஆயிரும்" என்று உத்தரவு போட்டேன். படித்த பிள்ளை சொல்லுக்கு மறுசொல் ஏது? அம்மா பையை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

முதலில் ஆழ்மனம்.

"அத்தான், சின்ன வயசுல உங்களை யாரும் தனியா விட்டுட்டுப் போனாகளா?"

"இல்லையே."

"அம்மா மேல ஏதும் கோவம்?"

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கீங்க?"

"நீங்க சுவத்தை விட மாட்டேங்கீங்கள்லா. சுவருங்கிறது தாய்மடி."

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மச்சான், என் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க."

ஆழ்மனம் கதவைச் சாத்திவிட்டதால் அடுத்து பரிசு. ஒரு தட்டு நிறையப் பால்கோவா வைத்து, மணைப்பலகைக்கு முன்னால் தரையில் வைத்தேன். "உக்காந்தா உங்களுக்குத்தான் அத்தான்!" (ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம், அவரே வாங்கி வந்த பால்கோவாவை நீட்டிய ஒரே ஆராய்ச்சியாளன் நானாகத்தான் இருப்பேன்.) அவர் தட்டைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். ஆனால் சுவரை விடவில்லை.

கடைசியாகக் காது கொடுத்துக் கேட்கும் முறை. எதிராளி சொல்வதையே திருப்பிச் சொன்னால் அவர் மனம் திறப்பார் என்பது பாடம்.

"எனக்கு ஒண்ணுமில்ல மச்சான்."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தோணுது."

"பை வேணும்."

"பை வேணும்னு நெனைக்கீங்க."

"காது கேக்கலையா உங்களுக்கு?"

"எனக்குக் காது கேக்கலையோன்னு உங்களுக்கு..."

பொறுமையான அந்த மனிதர் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இதற்கு நடுவில் அப்பா வேறு நிலை தடுமாறி, "மாப்பிள்ளை! ஸ்கூட்டர் வாங்கித் தாறேன், உக்காருங்க!" என்று கத்தினார்.

"ஐயோ, வேணாம் மாமா!" என்றார் அத்தான், பதறிப்போய்.

ஸ்கூட்டருக்கும் மசியாத மாப்பிள்ளையா! அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. திடீர் அதிர்ச்சியால் மனத்தின் இறுக்கம் தளரும் என்று எதிலோ அரைப்பக்கம் படித்திருந்தேன். (மீதி அரைப்பக்கம் படிக்கவில்லை.) வெளியே போய், ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அணுகுண்டு வெடியை வைத்துப் பற்றவைத்தேன்.

வெடித்த வெடியில் அத்தான் துள்ளிக் கூடத்தின் நடுவில் வந்து விழுந்தார். என்ன வெடித்தது என்று பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆகவே மொத்தக் குடும்பத்துக்கும் அவருடைய பின்பக்கம் தெரிந்தது. பேன்ட் நடுத் தையலோடு மேலிருந்து கீழ்வரை பிளந்து, உள்ளே நீலக்கோடு போட்ட பட்டாபட்டி டிராயர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. காலில் விழுந்தபோது கிழிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் சாப்பிட்ட விருந்துகள் எதுவும் என் மனக்கண்ணில் படவில்லை.

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பும் அழுகையுமாக ஓடிவந்து, அப்பா தோளில் கிடந்த துண்டை உருவி அவர் இடுப்பில் சுற்றினாள். "இதுக்குத்தானா? எங்கிட்டச் சொன்னா என்ன?"

"ஆசையா எடுத்துக் குடுத்த துணி. சேரலைன்னா மாமா மனசு சங்கடப்படும்லா" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "வேட்டி பைக்குள்ள இருக்கு மச்சான். அதைத்தான் காலையிலருந்து கேக்கேன்."

அரிசி டிரம்மிலிருந்து பை வந்தது. வேட்டிக்கு மாறியதும் அத்தான் இலையில் உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஸ்கூட்டரை ஏன் வேண்டாம் என்றார் என்று அப்பா கேட்டதற்கு, "உடனே உக்காந்து ஓட்டிக் காட்டச் சொல்லிட்டா என்ன செய்ய மாமா?" என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் முகம் வாடியிருந்தாலும், ஏன் எதற்கென்று நான் வாயைத் திறக்கும் முன்பே, "மொதல்ல பையைக் குடுலே!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். நானும் தட்டுத் தடுமாறி எம்.ஏ. முடித்தேன். யாரும் தங்கள் மனத்தை என்னிடம் காட்டுவதில்லை.

போன தடவை அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மேலே என்ன படிக்கலாம் என்று அக்கா மகள் என்னிடம் கேட்டாள். "மனோதத்துவம் படியேன்" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் எழுந்தார். எச்சில் கையோடு பின்பக்கமாகவே நடந்து போய், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.