ஒப்பாரி வைத்த சிம்பொனி

ஒன்றும் தெரியாதவனுக்குக் கோபம் வந்தால் கத்திவிட்டுப் போய்விடுவான். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குக் கோபம் வந்தால் கட்டுரை எழுதுவான். நான் பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுனில் நான் ஓர் ஆபீஸ் கிளார்க். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் சிம்பொனி ஒன்றின் கேசட்டை வாங்கி, அதன் கடைசிப் பகுதியை மட்டும் மூன்று மாதம் கேட்டேன். (பக்கத்து வீட்டார் காலி செய்ததற்கு வேறு காரணம் உண்டு.) என் முடிவு: அது சாவு ஊர்வலம். மூல மெட்டு மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் பாடை கனக்கிறது. வயலின்களை ஒதுக்கிவிட்டு, அடித்தொண்டைச் செல்லோக்களிடமே துக்கத்தை ஒப்படைத்திருக்கிறார் இசையமைப்பாளர்.

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அருள்ராஜிடம் படித்துக் காட்டினேன்.

"வே, அது கொண்டாட்டம்லா? நீரு ஒப்பாரிங்கீரு!"

"உமக்குக் காது இருக்கா, இல்ல கம்மல் மாட்ட வச்சிருக்கீரா?" என்று கத்தி, அவரை வாசல்வரை விரட்டினேன். பாளையங்கோட்டை இசை ரசிகர் சங்கத்தில் பேச நாள் கேட்டு வாங்கினேன். அவரை நாலு பேர் முன்னால் நாறடிக்கவேண்டும், அவ்வளவுதான். அக்கா, அத்தான், ஆபீஸ் மேனேஜர் எல்லாரையும் கூட்டிப்போனேன்.

அரைமணி நேரம் மரணத்தைப் பற்றி முழங்கிவிட்டு, "இப்போது கேளுங்கள்" என்று சங்கத்து டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டேன்.

வயலின்கள் குதித்துக்கொண்டு வந்தன. புல்லாங்குழல் துள்ளியது. முன்வரிசையில் ஒரு குழந்தை எழுந்து ஆடியது.

"உங்க மிஷின் தப்பா ஓடுது!" என்று கூச்சல் போட்டேன். அத்தானை ஸ்கூட்டரில் விரட்டி, என் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவரச் செய்தேன். பாடை மறுபடி கிளம்பியது. வெற்றியோடு அருள்ராஜைப் பார்த்தேன்.

அவர் சங்கத்து அலமாரியிலிருந்து ஓர் அம்மன் பாட்டுக் கேசட்டை எடுத்து அதே மிஷினில் போட்டார். ஊருக்கே தெரிந்த பாடகியின் குரல். ஆனால் மீசை வைத்த ஆம்பளை பாடுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. (மூன்று மாதமாக அதில் வேறு எதையுமே நான் போட்டதில்லை.)

அருள்ராஜ் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "பெல்ட் தொளதொளன்னு கெடக்கு வே. பைய ஓடியிருக்கு" என்றார், ரொம்பத் தன்மையாக. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மேனேஜர் சிரித்தார், மேனேஜரிடம் எப்படிச் சண்டை போடுவது? பதினெட்டுப் பக்கத்தையும் அங்கேயே கிழித்தேன். "வெளிய போய்க் கிழிங்க, இப்பத்தான் பெருக்குனேன்" என்றார் வாட்ச்மேன்.

அருள்ராஜிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். நாடித்துடிப்பு கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றார் டாக்டர். கட்டிலருகே அழுதுகொண்டிருந்த அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"பெல்ட்டு லூஸா இருக்கும் டாக்டர். மாத்திவிடுங்க, துள்ளிச் சாடுவான்."